படத்தில் பார்த்த பாத்ரூம் வேறு, வீட்டுக்கு வந்தது வேறு

திருச்சியில் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், குறிப்பாக இன்ஜினியரோ இன்டீரியர்காரரோ துணைக்கு இல்லாமல் தாங்களே டைல்ஸ் கடைக்குப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்து அது நடந்துகொண்டிருக்கிறது. பெயர் தெரிந்தாலும் பெரிதாகப் பயன் இருக்காது. இதே வேலையை நாலு கடையில் செய்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது.

துவாக்குடி பக்கம் எங்கள் வீடு. தரைத்தளம் மட்டும், இரண்டு பாத்ரூம். ஒன்று அம்மாவுக்கென்றே கட்டியது. அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதனால் வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி, உயரமான வெஸ்டர்ன் கிளாசெட், இந்த மூன்றும் வேண்டும் என்று பட்டியல் எழுதி எடுத்துக்கொண்டு அம்மாவும் நானும் ஒரு சனிக்கிழமை அந்த ஷோரூமுக்குப் போனோம். குளுகுளு ஏசி, காபி, உட்கார சோபா. வாசலிலேயே ஒரு பையன் நோட்டில் பெயர் எழுதினான். அடுத்த கேள்வி: "உங்க இன்ஜினியர் யாரு மேடம்? மேஸ்திரி நம்பர் குடுங்க." சைட்டுக்கு சாமான் அனுப்ப வழி கேட்பதற்காக இருக்கும் என்று நினைத்து நானும் கொடுத்துத் தொலைத்தேன்.

மாடியில் 'ஃப்ரீ டிசைன்' பிரிவு. கம்ப்யூட்டரில் ஒரு பெண் அரை மணி நேரத்தில் எங்கள் பாத்ரூமை த்ரீடியில் வரைந்து காட்டினாள். சந்தனக் கலர் சுவர், மேலே தட்டுப் போன்ற பெரிய ரெயின் ஷவர், சுவரிலேயே புதைத்த டைவர்ட்டர் (தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும் திருகு). பார்த்ததும் மயங்கிவிட்டேன், மறைக்க ஒன்றுமில்லை. படத்தில் தரை பளபளவென்று இருந்ததைச் சொன்னேன். "அது சும்மா படத்துக்கு மேடம், ஆன்டி ஸ்கிட் போட்டுக்கலாம்" என்றாள். போட்டுக்கலாம் என்றது வாயோடு நின்றது. பில் போட்டபோது தாளில் இருந்தது ஒரு கோட் நம்பர் மட்டும்.

அந்தத் தாளும் பில் இல்லை. மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சடித்திருந்தது, ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. மொத்தம் 2,18,000 ரூபாய், பாதி அட்வான்ஸ், லோடு ஏற்றுவதற்கு முன்னால் மீதி. கையெழுத்துப் போடும் இடத்துக்குக் கீழே பொடி எழுத்தில் நாலு வரி. படிக்கவில்லை. அளவெடுக்க சைட்டுக்கு ஆள் வருவார் என்றார்கள், கடைசிவரை யாரும் வரவில்லை. நான் வாயால் சொன்ன அளவுதான் வேதம்.

இனி கணக்கு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், காசு போகும் இடம் இதுதான். அம்மாவின் பாத்ரூம் 8க்கு 5, மற்றது 8க்கு 6. அந்தப் பெண் இரண்டையும் 8க்கு 5 என்றே போட்டுவிட்டாள். சுற்றளவில் 2 அடி விட்டுப்போனால் 7 அடி உயரத்துக்கு 14 சதுர அடி காணாமல் போகிறது. அடுத்தது பெட்டி. சுவர் டைல்ஸை பேச்சில் 'ஒண்ணுக்கு ரெண்டு' என்கிறார்கள், அதாவது ஓரடிக்கு இரண்டடி. உண்மையில் அது 300க்கு 600 மில்லிமீட்டர். எங்கள் பெட்டியில் 5 டைல்ஸ், கூட்டினால் 9.69 சதுர அடிதான் வருகிறது. கடையில் 10 என்று வைத்து, சதுர அடி 62 ரூபாய் என்று போட்டார்கள். 36 பெட்டிக்கு இல்லாத 11 சதுர அடிக்குச் சுமார் 700 ரூபாய் கொடுத்திருக்கிறேன். 700 ரூபாய் போனால் போகட்டும், சுவரிலும் அந்த 11 சதுர அடி குறைந்தது. வழியில் உடைந்தது ஒன்றரைப் பெட்டி. ஆக மொத்தம் நாலு பெட்டி பற்றாக்குறை.

லோடு மூன்று வாரம் தாமதமாக, இரவு ஒன்பதரைக்கு வந்தது. இறக்குக் கூலி எங்கள் தலையில். அந்த இருட்டில் எந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பது?

அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். மறுநாள் காலை தரை டைல்ஸ் ஒன்றை வராண்டாவில் போட்டு, சொம்புத் தண்ணீரை ஊற்றி, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலால் தேய்த்துப் பார்த்தார். "இது பாசி புடிச்ச குளத்துப் படி மாதிரில்ல வழுக்குது" என்றார். வந்திருந்தது கிளாஸி, அதாவது பளபள டைல்ஸ். போன் செய்தால், கோட் நம்பர் சரியாகத்தான் இருக்கிறது, நீங்கள் கையெழுத்துப் போட்டதுதான் வந்திருக்கிறது என்றார்கள். பிரிக்காத பெட்டிகளை மாற்றிக் கொடுக்க வண்டி வாடகை 1,500 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் வாங்கும்போது 'ஆன்டி ஸ்கிட்' என்ற வார்த்தையோடு விட்டுவிடாதீர்கள். வழுக்காத தன்மைக்கு ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று தர எண் இருக்கிறது. எண் கூடினால் பிடிமானம் கூடும். தண்ணீர் நிற்கும் தரைக்கு ஆர் 10க்குக் குறையாமல் கேட்டு, அந்த எண்ணைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் அம்மா மாதிரி ஒரு சொம்பும் எடுத்துப் போங்கள்.

குறைந்த நாலு பெட்டிக்கு மறுபடி பணம் கட்டி வரவழைத்தேன். டைல்ஸ் ஒட்டுபவர் மாலை வெளிச்சத்தில் ஒட்டி முடித்தார். மறுநாள் ஜன்னல் வழியாக வெயில் விழுந்தபோதுதான் தெரிந்தது: ஷவர் பக்கம் சந்தனம், கதவுப் பக்கம் லேசாகச் செம்மண் கலந்த சந்தனம். பெட்டியின் பக்கவாட்டில் ஷேட் நம்பர், பேட்ச் நம்பர் முத்திரை இருக்கும். பழையதும் புதியதும் வேறு வேறு. ஒரே டிசைன், ஒரே கம்பெனி என்றாலும் சூளைக்குச் சூளை நிறம் கொஞ்சம் மாறும். குஜராத் மோர்பியிலிருந்து வருகிற சரக்கு, அடுத்த லோடில் அதே ஷேட் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாதாம். இதை வாங்கும்போதே சொல்லியிருந்தால் ஐந்து பெட்டி கூடுதலாகவே எடுத்திருப்பேன். கேட்டால் பொடி எழுத்தைக் காட்டினார்கள்: ஒட்டிய டைல்ஸுக்குப் பொறுப்பில்லை.

ரெயின் ஷவர் கதை இன்னும் கொடுமை. ஷோரூமில் திறந்தால் மழைதான். வீட்டில் திறந்தால் தென்னங்கீற்றிலிருந்து சொட்டுகிற மாதிரி நடுவில் நாலு சொட்டு. அங்கே மோட்டார் வைத்துத் தண்ணீரைத் தள்ளுகிறார்கள். நம் வீட்டில் மொட்டை மாடித் தொட்டி மட்டும்தான். 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்குத்தான் 1 பார் அழுத்தம் வரும். எங்கள் தொட்டிக்கும் ஷவருக்கும் நடுவே 8 அடிகூட இல்லை, கால் பார்கூடத் தேறாது. தனி வீடா, எத்தனை மாடி, தொட்டி எங்கே என்று விற்றவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. பிரஷர் பம்ப் வாங்க இன்னொரு 14,000 ரூபாய். கிளாசெட்டிலும் சுவருக்கும் குழாய்க்கும் உள்ள தூரம் பொருந்தாமல் பின்னால் ஒரு விரற்கடை இடைவெளி. பிளம்பர் ஏதோ வைத்து அடைத்திருக்கிறார், பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டோம்.

நேரில் போனேன். எங்களுக்கு விற்றவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். மேனேஜரைப் பார்க்க முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். எதிரே ஒரு அபார்ட்மென்ட் பில்டரின் ஆள். அவர் ஷேட் மாறிய டைல்ஸ் ஒன்றை மேசையில் வைத்ததும், "நாளைக்கே மாத்தி அனுப்பிடறோம் சார்" என்றார் மேனேஜர். அதே வாய் என்னிடம், "ரீடெய்ல் கஸ்டமருக்கு இவ்வளவுதான் மேடம் செய்ய முடியும்" என்றது. ஒரு வீடு கட்டுகிறவள் திரும்ப வரப் போவதில்லை, அவர்களுக்கு அது தெரியும்.

மேஸ்திரி நம்பர் எதற்கு என்பது அப்புறம்தான் விளங்கியது. புலம்பிக்கொண்டிருந்தபோது மேஸ்திரியே தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "அக்கா, அந்தக் கடையிலேர்ந்து எனக்கு சதுர அடிக்கு மூணு ரூபா போட்டு விட்டாங்க. நான் கேக்கவே இல்ல. எல்லா சைட்டுக்கும் அப்படித்தான் வரும்." அந்த மூன்று ரூபாயும் என் 62க்குள் இருந்திருக்கிறது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை, எனக்காக ஒரு நாள் கூலியைக் குறைத்துக்கொண்டார். நம்பர் கேட்டால் கொடுக்காமல், அந்தக் காசை விலையில் குறைக்கச் சொல்லிப் பாருங்கள்.

1915க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்தேன். ஒழுங்கான பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம். திரும்ப எடுக்க பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணமும் இல்லை. புகார் போன பிறகு ஜிஎஸ்டி பில் வந்தது. பணத்துக்குப் பதில் 9,000 ரூபாய்க்கு கிரெடிட் நோட் தருகிறோம் என்றார்கள். அந்தக் கடையில் இனி எதை வாங்குவது? வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆணையத்துக்கு மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

ஒரு உதவி. சந்தனக் கலர், ஒண்ணுக்கு ரெண்டு, மேட் ஃபினிஷ் சுவர் டைல்ஸ் யார் வீட்டிலாவது நாலு பெட்டி மீந்து கிடந்தால் சொல்லுங்கள். ஷேட் நம்பரை இன்பாக்ஸில் அனுப்புகிறேன். ஒத்துப்போனால் நானே வண்டி எடுத்து வருகிறேன், பகலில்.