புதிய செயின் செற் என்று சொல்லி என் பழைய சங்கிலியையே எனக்கு விற்றார்கள்

கல்லடிப் பக்கத்திலிருந்து மண்முனைப் பாலம் வழியாக, மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் உள்ள பாடசாலை ஒன்றுக்கு நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் சென்றுவரும் ஆசிரியன் நான். கடந்த தை மாதம் மட்டக்களப்பில் ஒரு கராஜில் 14,500 ரூபாய் கொடுத்துச் சங்கிலியையும் இரண்டு பற்சக்கரங்களையும் மாற்றினேன். மாற்றினேன் என்றுதான் மூன்று வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்தப் பணத்துக்கு எனக்குக் கிடைத்த புதிய பொருள், சங்கிலியின் இரு முனைகளையும் இணைக்கும் ஒரேயொரு பூட்டுக்கண்ணி மட்டுமே. அதையும் பிழையாகப் பூட்டியிருந்ததால் நடுவழியில் சங்கிலி கழன்று விழுந்தது. அந்தக் கராஜின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது விசாரணையில் தீரட்டும். ஆனால் ஏமாற்றிய விதத்தை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும், ஏனென்றால் வீட்டு முற்றத்தில் பத்து நிமிடம் செலவிட்டிருந்தால் அன்று மாலையே நான் அதைக் கண்டுபிடித்திருப்பேன்.

மார்கழி மழை முழுவதும் வெள்ளம் தேங்கிய பாதைகளில் ஓடிய வண்டி அது. மழை விட்டதும் முதலாம் கியரில் புறப்படும்போது பின்னாலிருந்து 'கட கட' என்று ஒரு சத்தம், ஓடும்போது சங்கிலி மூடியில் அடிபடும் ஓசை, மெதுவாகப் போகும்போது இழுத்து விடுவது போன்ற ஒரு துடிப்பு என்று ஒவ்வொன்றாகத் தொடங்கின. கராஜ்காரர் சங்கிலியை விரலால் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, "சேர், செயின் செற் முடிஞ்சு போச்சு, முழுசா மாத்தத்தான் வேணும்" என்றார். அவர் சொன்னது பொய்யல்ல என்பதை நான் நேர்மையாக எழுத வேண்டும். நோயைச் சரியாகவே சொன்னார், மருந்தைத்தான் கொடுக்கவில்லை. ஒரு புதிய பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த சங்கிலியையும் பற்சக்கரங்களையும் எனக்குக் காட்டினார், நான் வண்டியை விட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போய்விட்டேன். மாலையில் வந்தபோது சங்கிலி கிறீஸ் பூசி மினுங்கியது, பின் பற்சக்கரம் கன்னங்கரேலென்று இருந்தது, சத்தமும் இல்லை. கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டேன். பழைய இரும்பு எடுப்பவர் மதியமே வந்து கொண்டுபோய்விட்டார் என்று அங்கே வேலை செய்த பையன் சொன்னான். பற்றுச்சீட்டு கேட்கவில்லை; கலண்டர் தாளின் பின்பக்கத்தில் தொகையை எழுதித் தந்தார்கள், அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, பாலத்தைத் தாண்டிக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, இயந்திரம் திடீரென்று இரைய, வண்டியோ வேகம் இழந்தது. திரும்பிப் பார்த்தால் சங்கிலி செத்த பாம்பு போலப் பாதையில் கிடந்தது. முன்னால் மாடுகள் கடந்துகொண்டிருந்ததால் மிக மெதுவாகத்தான் போயிருந்தேன். அதே சங்கிலி வேகத்தில் கழன்று பின்சில்லில் சுற்றியிருந்தால் சில்லு இறுகி என்னைத் தூக்கி எறிந்திருக்கும். முன் பற்சக்கரத்தில் குவிந்திருந்தால் இயந்திரத்தின் வெளிக்கூட்டை உடைத்திருக்கும். பின்னால் வகுப்புக்கு வரும் என் மகளும் சில நாட்களில் இருப்பாள் என்பதை நினைக்கும்போது இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

வண்டியை உருட்டி, தள்ளி, ஒருவாறு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எங்கள் அயலில் உழவு இயந்திரம் திருத்தும் ஒரு மூத்தவர் இருக்கிறார். நான் அவரை மாமா என்றுதான் அழைப்பேன். அவர் சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவி, முற்றத்தில் ஒரு பலகையின்மேல் நேராக இழுத்துப் போட்டு, இரும்பு அளவுகோலை வைத்தார். எங்கள் ஊரில் ஓடும் சிறிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் இருப்பது 428 இலக்கச் சங்கிலி. அதில் கண்ணிகளைக் கோர்க்கும் முளையான ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்த பின்னின் மையம் வரை 12.7 மில்லிமீற்றர், அதாவது அரை அங்குலம். ஆகவே புதிய சங்கிலியில் 20 கண்ணிகள் சரியாக 254 மில்லிமீற்றர் இருக்கும். என்னுடையது 258 காட்டியது. இரும்புத் தகடு இழுபட்டு நீள்வதில்லை. உள்ளேயிருக்கும் பின்னும் அதைச் சுற்றிய சிறு குழாயான புஷ்ஷும் ஒன்றையொன்று தேய்த்துக் குறைவதால்தான் ஒவ்வொரு கண்ணியிலும் சிறிது சிறிதாக இடைவெளி கூடி முழுச் சங்கிலியும் நீளமாகிறது. மூன்று வாரத்தில் 4 மில்லிமீற்றர் தேய்வது நடக்காத காரியம். என் கைநூலில் போட்டிருக்கும் எல்லையே 259 தான்.

அடுத்ததாக மாமா கண்ணிகளை எண்ணச் சொன்னார். பூட்டுக்கண்ணியையும் சேர்த்து 114. கைநூலில் இருந்தது 116. அப்போதுதான் விளங்கியது. இரண்டு கண்ணியை வெட்டினால் சங்கிலி சுமார் 25 மில்லிமீற்றர் குறையும், அதனால் பின்சில்லு அதில் பாதியளவு முன்னுக்கு வரும். சங்கிலி நீள நீளச் சில்லைப் பின்னுக்கு இழுத்துத்தான் தொய்வை எடுப்பார்கள்; ஆகவே பின்சில்லின் அச்சான இருசின் இரு பக்கமும் உள்ள அளவுக் கோடுகளைப் பார்ப்பவருக்குப் புதிய சங்கிலி போட்டது போலவே சில்லு முன்னால் நிற்கும். சங்கிலி நீண்டு போனதைக் பார்த்தவுடன் காட்டிக்கொடுக்கக்கூடிய வெளி அடையாளத்தை அவர்கள் அப்படித்தான் அழித்திருந்தார்கள்.

பின் பற்சக்கரத்தில் மண்ணெண்ணெய்த் துணியை வைத்துத் தேய்த்தபோது கறுப்பு வர்ணம் துணியோடு வந்துவிட்டது, கீழே பழைய கீறல்கள் தெரிந்தன. பற்களின் எண்ணிக்கை பொறிக்கப்பட்ட முகம் வெளியே பார்த்திருக்க வேண்டியது, சில்லின் பக்கம் திரும்பியிருந்தது. "மனே, இது உன்ட பழைய பல்லுத்தான், மறுபக்கம் திருப்பிப் போட்டிருக்கானுகள்" என்றார் மாமா. தேய்ந்த பின் பற்சக்கரத்தின் பற்கள் சில்லு சுழலும் திசைக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்து கொக்கி போலாகும்; என்னுடையதில் அவை சுழலும் திசையிலேயே சாய்ந்திருந்தன. முன் பற்சக்கரத்தை அவர்கள் தொடவே இல்லை. மூடியைக் கழற்றியபோது உள்ளே பழைய கிறீஸும் மணலும் சேர்ந்து இறுகிக் கட்டியாகி இருந்தன; ஸ்பானர் அங்கே போயிருந்தால் அந்தக் கட்டி உடைந்திருக்கும்.

இனி அந்த ஒரேயொரு புதிய பொருள். பூட்டுக்கண்ணியின் கிளிப்புக்கு ஒரு பக்கம் மூடியும் மறுபக்கம் பிளந்தும் இருக்கும். மூடிய பக்கம் எப்போதும் சங்கிலி ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், அதாவது கிளிப் சங்கிலியின் மேல்பக்க ஓட்டத்தில் நிற்கும்போது வண்டியின் முன்பக்கத்தை. பிளந்த பக்கம் முன்னால் இருந்தால் எதிலாவது உரசும்போது கிளிப் பின்னுக்குத் தள்ளப்பட்டுக் கழன்றுவிடும். விழுந்த என் சங்கிலியில் கிளிப் இருக்கவில்லை என்பதால் அது எப்படி இருந்தது என்று முதலில் தெரியவில்லை. வண்டி கராஜிலிருந்து வந்த மாலை மகள் கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைப் பெருப்பித்துப் பார்த்தோம். பிளந்த பக்கம் முன்னால் இருந்தது தெளிவாகத் தெரிந்தது.

ஆகவே கராஜிலிருந்து வண்டியை எடுக்கும் எவரும் இவற்றை அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்: கிளிப்பின் திசை, பற்சக்கரத்தில் பொறித்த எழுத்து எந்தப் பக்கம் இருக்கிறது, முன் மூடிக்குள் கை பட்டிருக்கிறதா என்பவை. சங்கிலியைப் பின் பற்சக்கரத்தின் பின்முனையில் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். புதிய சங்கிலி புதிய பல்லிலிருந்து கிளம்பாது, பல்லின் பாதி வெளியே தெரிந்தால் ஏதோ ஒன்று பழையது. வேலை தொடங்கும் முன்பே பழைய சாமான்கள் எனக்கு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் வேலை முடியும்வரை அங்கேயே இருங்கள். நான் இருக்கவில்லை, அதுதான் அவர்களுக்கு வசதியாகிவிட்டது.

வீட்டில் பார்ப்பதும் கடினமல்ல. இயந்திரத்தை நிறுத்தி, சாவியை எடுத்து, நடு ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் வைத்துச் சில்லைக் கையால் மட்டும் சுற்றுங்கள். இயந்திரம் ஓடும்போது சங்கிலியைத் துடைத்து விரலை இழந்தவர்கள் உண்டு. கீழ் ஓட்டத்தின் நடுவில் சங்கிலி மேலும் கீழும் 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை ஆட வேண்டும் என்பது சிறிய வண்டிகளுக்குப் பொதுவான அளவு, உங்கள் கைநூல் சொல்வதே இறுதி. சில்லைச் சற்றுச் சுற்றிப் பல இடங்களில் பாருங்கள். ஓரிடத்தில் இறுகி இன்னோரிடத்தில் தொய்ந்தால் சங்கிலி ஒரே சீராகத் தேயவில்லை என்று பொருள். அப்போது இறுகிய இடத்தை வைத்தே அளவு பிடிக்க வேண்டும், இல்லையேல் கியர்ப்பெட்டியின் பேரிங் பாதிக்கப்படும். பின் பற்சக்கரத்தைக் கடந்து வந்தபின்னும் மடிந்தபடி நிற்கும் கண்ணி துருவால் இறுகியது. அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கையால் முன்னும் பின்னும் மடித்தால் பல நேரங்களில் விடுபடும். சங்கிலி சரியாக இருந்தும் கியர் போடும்போது 'டக்' என்று அடித்தால் பின்சில்லுக் குடத்துக்குள் இருக்கும் றப்பர்களைப் பாருங்கள். றப்பர் நைந்ததற்குச் செயின் செற் விற்பவர்களும் இருக்கிறார்கள்.

சங்கிலியை இறுக்கும்போது இரு பக்கக் கோடுகளும் ஒரே அளவில் நிற்க வேண்டும், இருசு நட்டை இறுக்கியபின் அளவை மறுபடி பார்க்க வேண்டும். சில்லு பின்னுக்குப் போவதால் பின் பிறேக் கம்பியும் இறுகிவிடும்; பலர் மறப்பது இதைத்தான். பிறேக் மிதியின் இடைவெளியைச் சரிசெய்யாமல் புறப்பட்டால் பிறேக் உரசிச் சூடேறும்.

எண்ணெய் விடயத்தில் நம் கரையோரத்துக்கென்று ஒரு சொல். வெளியே கிறீஸ் அப்பினால் கடற்கரை மணல் அதில் ஒட்டி, சங்கிலியை அரைக்கும் சாந்தாகிவிடும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, 90 இலக்கக் கியர் ஒயிலைக் கீழ் ஓட்டத்தின் உட்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, இரவு முழுவதும் ஊறவிட்டுக் காலையில் மேலால் வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்கு 500 கிலோமீற்றருக்கு ஒருமுறையும், மழைத் தண்ணீரில் ஓடிய ஒவ்வொரு முறைக்குப் பின்னும் இதைச் செய்வது நல்லது. றப்பர் வளையம் வைத்த சங்கிலியென்றால் பெற்றோலால் கழுவவே கூடாது. வளையம் கெட்டு உள்ளே அடைத்த கிறீஸ் வெளியேறிவிடும்.

பற்சக்கரத்தைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு கராஜுக்குப் போனேன். முதலில் தங்கள் வேலையே அல்ல என்றார்கள், படத்தைக் காட்டியதும் 3,000 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். நான் வாங்கவில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் கடமை. எழுத்து மூலமான முறைப்பாட்டை அந்த அதிகாரசபையிடம் மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விபரம் கேட்கலாம். படம், அளவுகள், கலண்டர் தாள் எல்லாவற்றின் பிரதியையும் இணைத்து நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கடையில் நானே வாங்கிய செயின் செற்றை மாமாவும் நானும் போன சனிக்கிழமை முற்றத்தில் வைத்துப் பூட்டினோம். பூட்டும் முன் 20 கண்ணிகளை அளந்து, 254 என்று திகதியோடு கைநூலின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.