ஆக்குளம் விமானப்படை அருங்காட்சியகம்: நாகர்கோவிலிலிருந்து ஒரு நாள் பயணம்

போர் விமானங்கள் வரிசையாக நிற்கும் பெரிய கொட்டகையை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு, திருவனந்தபுரம் ஆக்குளம் சுற்றுலா கிராமத்திலுள்ள இந்திய விமானப்படை அருங்காட்சியகம் சிறியதாகவே தோன்றும். நிதானமாகப் பார்த்தாலும் எங்களுக்கு ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் ஆகவில்லை. இருந்தும், பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள வீட்டார் ஒருமுறை போய்வரலாம் என்றே சொல்வேன்.

முக்கியக் காரணம் அங்கு வைக்கப்பட்டுள்ள கிரண் விமானம். விமான வடிவமைப்பாளர் வி. எம். கட்கே தலைமையில் அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான ஹெச்ஏஎல் (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) வடிவமைத்து, 1964-இல் முதன்முதலாகப் பறந்த இந்த ஜெட் விமானம், நம் விமானிகள் பல தலைமுறையாகப் பயின்ற பள்ளிக்கூடம் எனலாம். 1996-இல் உருவான சூரிய கிரண் சாகசக் குழு ஒன்பது விமானங்களாக அணிவகுத்ததும் இதன் இரண்டாம் வகையைக் கொண்டுதான். அக்குழு இப்போது பறக்கும் 'ஹாக்' பயிற்சி விமானங்கள் அதற்குப் பிறகு வந்தவை. ஆசிரியரும் மாணவரும் முன்பின்னாக அல்லாமல் அருகருகே அமரும்படி இருக்கைகள் அமைந்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது, நாற்பது ஆண்டுகள் தையல் சொல்லிக்கொடுத்த என் அம்மா, "பக்கத்தில இருந்தாத்தானே பிள்ளையோட கை என்ன செய்யுதுன்னு தெரியும்" என்றார். அதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது.

விமானி அறையின் மாதிரியில் அமர்ந்து பறந்து பார்க்கும் சிமுலேட்டர் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. எட்டாம் வகுப்பு படிக்கும் மகன், பிடியைப் பின்னால் இழுத்தால் மேலே போகலாம் என்ற ஒன்றை மட்டும் நம்பி இழுத்துக்கொண்டே இருந்தான். மூக்கு உயர உயர வேகம் குறைவதையும், ஓர் அளவுக்கு மேல் இறக்கை விமானத்தைத் தாங்காமல் விட்டுவிடுவதையும் எந்தப் பாடப்புத்தகமும் அவனுக்கு இவ்வளவு விரைவில் கற்பித்திருக்காது.

தெற்கு விமானப்படைக் கட்டளையகத்தின் தலைமையிடம் 1984 முதல் திருவனந்தபுரத்தில்தான் இயங்குகிறது. குமரி மாவட்டத்தாருக்கு இது வெறும் தகவல் அன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் மீனவர்களைக் கடலில் சிதறடித்தபோது தேடுதலுக்கு விமானப்படை விமானங்கள் அந்நகரத்திலிருந்தும் பறந்தன. கரையில் காத்திருந்த குடும்பங்களுக்கு அந்தத் தேடல் போதவில்லை என்ற மனக்குறை இன்றும் உண்டு. அதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னேன்.

சாலை வழியே ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர்தான் என்றாலும், மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலை நினைத்தால் நாகர்கோவில், இரணியல் அல்லது குழித்துறையில் காலை ரயிலேறி, திருவனந்தபுரம் சென்ட்ரலிலிருந்து ஆட்டோவில் செல்வதே மேல். சாப்பாட்டைக் கையில் கொண்டுபோவது நல்லது. வழியில் நாங்கள் நுழைந்த ஓர் உணவகத்தில் சோறு வர முக்கால் மணி நேரமானது. அதுவரை பிள்ளைகளின் பசியை அடக்கியது அம்மா பையில் வைத்திருந்த மட்டிப்பழச் சீப்புதான்.

மதியத்திற்குப் பின் நேரம் மிஞ்சினால் வேளிக் காயலுக்குப் போகலாம். நாங்கள் அங்கே படகில் ஏறினோம். இளையவள் படகிலும் பிடியைத் தேடினாள்.