சாகுவளி சீட்டின் பின்பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்

பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு ஆனேக்கல், ஹொசகோட்டே பக்கம் நிலம் தேடுகிற நம்ம ஆட்களுக்காக எழுதுகிறேன். விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம் என்று கர்நாடகத்தில் 2020-ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் நானும் ஆசைப்பட்டு ஆனேக்கல் தாலுகாவில் 20 குண்டா வாங்கினேன், அதாவது அரை ஏக்கர்.

புரோக்கர் தமிழர். "சார், கவர்மெண்டே கொடுத்த நிலம், இதைவிட என்ன கேரண்டி வேணும்?" என்றார். வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை. ஆனால் அதில் பதிவான பத்திரங்கள்தான் வரும், அரசு என்ன நிபந்தனையோடு கொடுத்தது என்பது வராது, இது எனக்கு அப்போது தெரியாது. சாகுவளி சீட்டு, அதாவது அரசு நிலத்தை ஒப்படை செய்து கொடுத்ததற்கான சான்று என்று ஒரு ஜெராக்ஸ் காட்டினார், அவரே கூட்டி வந்த வக்கீல் ஒரே நாளில் எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்தார், பதிவும் முடிந்தது.

எட்டு மாதம் கழித்து நோட்டீஸ். நிலத்தைப் பயிரிடவில்லை, ஒப்படையை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று. அலைந்து திரிந்து சீட்டின் நகல் வாங்கினால் பின்பக்கம் முழுக்க நிபந்தனைகள்: சொந்தமாகப் பயிரிட வேண்டும், இத்தனை வருடம் விற்கக் கூடாது, மீறினால் நிலம் அரசுக்கே திரும்பும். புரோக்கர் காட்டியது முன்பக்கம் மட்டும். நிலம் யார் பெயரில், என்ன பயிர் என்று வருடா வருடம் எழுதும் அரசுப் பதிவான பஹணியும் அன்றைக்கே என் கையில் இருந்தது, எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. ஆபீஸ் நண்பர் பயிர் விவரம் எழுதும் இடத்தில் விரல் வைத்துக் காட்டினார், வருடா வருடம் 'பீளு', 'பீளு'. தரிசு என்று அர்த்தம்.

விற்ற பாட்டியைப் போய்ப் பார்த்தேன். நிலம் அவர் வீட்டுக்காரர் பெயரில் கிடைத்தது, போர்வெல்லில் தண்ணீர் வரவில்லை, அப்புறம் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகிவிட்டார். நான் கொடுத்த பணத்தில் பாதிகூட பாட்டிக்குப் போகவில்லை. இதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. புரோக்கர் போன் இப்போது சுவிட்ச் ஆஃப்.

பயிரிட முடியாமல் போன காரணத்தை விசாரணையில் சொல்லலாம், விளக்கம் கேட்காமல் ரத்து செய்ய முடியாது என்கிறார் இப்போதைய வக்கீல். ஆனால் வாங்கியவனுக்கென்று தனி உரிமை கிடையாதாம், பாட்டியின் பக்கம் நின்றால்தான் நானும் நிற்க முடியும்.

இன்னொன்று. அந்த நிலம் பட்டியல் சாதி, பழங்குடியினருக்குக் கொடுத்ததா என்று கட்டாயம் பாருங்கள். அவர்களைக் காக்க 1978-ல் வந்த சட்டப்படி அரசு அனுமதி இல்லாத விற்பனை செல்லாது, எத்தனை வருடம் ஆனாலும் நிலத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று 2023-ல் திருத்தமும் வந்துவிட்டது.

சீட்டின் இரண்டு பக்கமும், பல வருடப் பஹணியும் வாங்கி, நீங்களே தேடிப்பிடித்த, கன்னடம் படிக்கத் தெரிந்த வக்கீலிடம் கொடுங்கள், அதுவரை அட்வான்ஸ் தராதீர்கள்.

அடுத்த வாய்தா வியாழக்கிழமை. பாட்டியை நான்தான் வண்டியில் கூட்டிப் போகிறேன்.