மீட்டிங் நேரத்தில் நாய்க்கும் ஒரு வேலை: காங் ரப்பர் பொம்மை

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் நாய்க்கென்று ஒரே ஒரு பொருள் வாங்குவதானால், காங் (Kong) என்ற பிராண்டின், உள்ளே குடைவான இந்த ரப்பர் பொம்மையை வாங்கலாம். சிவப்பு, சாதாரணமாகக் கடிக்கும் நாய்களுக்கு. கருப்பு, எதையும் பிய்த்துப் போடும் நாய்களுக்கு. அளவில் சந்தேகம் வந்தால் பெரியதையே எடுங்கள். முழுதாக வாய்க்குள் போகிற அளவென்றால் தொண்டையில் சிக்கும்.

உள்ளே உணவை நிரப்புவதில்தான் சூட்சுமம். காய்ந்த உணவை அப்படியே போட்டால் உருட்டிக் கொட்டி, சில நிமிடங்களில் காலி செய்துவிடும். அதை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, வேகவைத்த பூசணியோடு மசியுங்கள். முனையிலுள்ள சிறு துளை வழியே ஸ்ட்ரா ஒன்றைச் செருகி, சுற்றிலும் மசித்ததை நிரப்பி, இரவு முழுக்க உறைய வைத்து, காலையில் ஸ்ட்ராவை உருவுங்கள். காற்று போக வழி இல்லாவிட்டால் நாக்கு உள்ளே இழுபட்டு மாட்டிக்கொள்ளலாம். வேர்க்கடலை வெண்ணெய் சேர்ப்பதானால் லேபிளில் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு) இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது நாய்க்கு விஷம்.

முதல் சில தடவை உறைய வைக்காமலே கொடுங்கள். எடுக்க வராவிட்டால் எரிச்சலில் குரைக்கும். மீட்டிங் தொடங்க ஐந்து நிமிடம் முன்பே தரவேண்டும். குரைத்த பிறகு தந்தால், குரைத்தால் கிடைக்கும் என்றே கற்றுக்கொள்ளும்.

குறையும் உண்டு. வெறுந்தரையில் விழும் 'தொம்' சத்தம் மைக்கில் நன்றாகவே கேட்கும். கீழே பாய் விரியுங்கள். உள்கழுத்தில் படிந்தது விரலுக்கு எட்டாது, பாட்டில் பிரஷ் வேண்டும். ரப்பரில் விரிசல் தெரிந்தால் அன்றே தூக்கிப் போடுங்கள்.