என் ஒட்சிசன் மானியும் அந்தப் 18-உம்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

குருதியில் ஒட்சிசன் எத்தனை வீதம், நாடித்துடிப்பு எத்தனை என்று விரலில் மாட்டிப் பார்க்கும் என் ஒட்சிசன் மானி, சென்ற வாரம் பழுதாகித் திருந்தி வந்தது. பற்றரி கசிந்து, உள்ளே இருந்த தகட்டில் பச்சை பிடித்திருந்தது. கஸ்தூரியார் வீதிப் பக்கம் கைத்தொலைபேசி திருத்தும் தம்பி ஒருவர் அதைச் சுரண்டித் துடைத்து, தகட்டை நிமிர்த்தி, கால் மணி நேரத்தில் கையில் தந்துவிட்டார். அன்று பின்னேரம், நான் தாதியாக வேலை செய்யும் வைத்தியசாலை விடுதிக்குப் புதிதாக வந்திருக்கும் தாதித் தங்கை ஒருத்தி, "அக்கா, இப்போது விலை நன்றாக இறங்கிவிட்டதாம். நானும் ஒன்று வாங்கட்டுமா?" என்று கேட்டாள். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் அவளுக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

நான் இதை வாங்கியது 2021 ஓகஸ்ட்டில், கொரோனாவின் டெல்டா அலை உச்சத்தில் இருந்தபோது. நாடு முடங்குவதற்குச் சில நாள்கள் முன்பு, ஆஸ்பத்திரி வீதியில் கடை கடையாக ஏறி இறங்கிக் கடைசியாகக் கிடைத்தது. அன்று கொடுத்த பணத்துக்கு இன்று இரண்டு வாங்கலாம். அதற்காக ஒருபோதும் வருந்தியதில்லை. வாங்கிய முதல் கிழமையிலேயே அது தன் விலையைத் திருப்பித் தந்துவிட்டது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு ஐயா, மூன்று நாள் இருமல். படலையடியில் கதிரை போட்டு இருத்தியிருந்தார்கள். என்னைக் கண்டதும் நலம் விசாரித்தார், வெறுந்தேநீர் குடித்தார், அடுத்த கிழமை வெங்காயம் கிண்ட வேண்டும் என்றார். மூச்சு சற்று வேகமாகத்தான் இருந்தது, ஆனால் திணறல் இல்லை. விரலில் மானியை மாட்டினால் 84. விரலை மாற்றினேன், 83. மகன் உடனே ஓட்டோ பிடித்தார். ஐயா மூன்று கிழமை கழித்து வீடு திரும்பினார். இத்தனை ஆண்டு அனுபவம் உள்ள என் கண், அந்த முகத்தைப் பார்த்து 84 என்று சொல்லியிருக்காது. இந்தச் சின்னக் கருவி சொன்னது.

பழகும் வரை சில விடயங்களில் படுத்தும். முற்றத்து வெயிலில் வைத்துப் பார்த்தால் எண் குதிக்கும், கையால் மூடிக்கொள்ள வேண்டும். மார்கழிக் குளிரில் வயதானவர்களின் விரலைத் தேய்த்துச் சூடாக்காமல் மாட்டிப் பயனில்லை. கடும் நிறத்தில் கியூட்டெக்ஸ் பூசிய பிள்ளைகள் வந்தால் மானியைப் பக்கவாட்டில் திருப்பி, ஒளி நகத்தின் வழியே போகாதபடி மாட்டுவேன். எப்போதும் பக்கத்தில் துடிக்கும் கோடு சீராக ஏறி இறங்கத் தொடங்கிய பிறகே எண்ணை வாசிப்பேன். மாட்டிய மூன்றாவது செக்கனில் வாசிக்கும் எண் எனக்குக் கணக்கில் இல்லை. 2022இல் மணிக்கணக்காக மின்சாரம் நின்ற மாதங்களில், இரண்டு சின்னப் பற்றரியோடு இது ஒரு நாளும் கைவிடவில்லை.

எங்கள் தோலின் நிறத்தையும் சொல்ல வேண்டும். 1974இல் ஜப்பானியப் பொறியியலாளர் டகுவோ அவோயாகி கண்ட வழி இது. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலினூடாக அனுப்பி, ஒவ்வொரு துடிப்பிலும் குருதி எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கணக்கிடுவது. இடையில் நிற்கும் தோலின் நிறமும் கணக்கைக் குழப்பலாம். அமெரிக்காவில் 2020 டிசம்பரில் வெளிவந்த ஆய்வு ஒன்று, மானி கண்டுபிடிக்காமல் விட்ட ஒட்சிசன் குறைவு, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளரிடையே ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது என்று காட்டியது. அதை வாசித்த நாளிலிருந்து, கருநிற மேனியில் 94 என்று கண்டால் நான் "பரவாயில்லை" என்று சொல்வதில்லை. பக்கத்தில் இருந்து பார்க்கிறேன்.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. என்னால் நான்கு ஆண்டாகியும் பொறுக்க முடியாதது வேறு. அது 18.

விடுதியில் அவதானிப்பு அட்டைகளை எடுத்துப் பாருங்கள். ஒட்சிசன் அளவு ஆளுக்கு ஆள் மாறும். நாடித்துடிப்பு மாறும். காய்ச்சல் மாறும். மூச்சு வேகம் மட்டும் முதலாம் கட்டிலிலிருந்து கடைசிக் கட்டில் வரை நிமிடத்துக்கு 18. சில இடங்களில் 20. நித்திரை கொள்பவருக்கும் 18, இழைப்புக்காரருக்கும் 18. யாரும் எண்ணவில்லை. மானியின் திரையில் இரண்டு எண்கள் வருகின்றன, இரண்டும் அட்டையில் ஏறுகின்றன. திரையில் வராத மூன்றாவது எண்ணைக் கை பழக்கத்தில் எழுதிவிடுகிறது.

ஏன் இப்படி ஆனது என்று நெடுநாள் யோசித்தேன். 1990இல் மின்சாரம் போன யாழ்ப்பாணத்தில் தாதியம் பயின்றவள் நான். எங்களுக்குக் கற்பித்த மூத்த மிஸ் ஒருவர் முதல் கிழமையே சொன்னார்: மூச்சை எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடி. ஒரு நிமிடம் நாடியை எண்ணு. கையை விடாதே. அப்படியே பிடித்தபடி கண்ணை நெஞ்சுக்குக் கொண்டுபோய் அடுத்த நிமிடம் மூச்சை எண்ணு. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில், நித்திரைக்குப் போன அம்மம்மாவின் கையைப் பிடித்து நான் இதைப் பழகினேன். சேலைக் கரை ஏறி இறங்குவதை வைத்து எண்ணுவேன்.

மூச்சு எண்ணுவது நாடி பார்ப்பதற்குள் ஒளிந்திருந்த வேலை. மானி வந்து நாடி பார்க்கும் வேலையை எடுத்துக்கொண்டது, அதற்குள் இருந்த மூச்சும் கூடவே போய்விட்டது. கையைப் பிடித்திருந்த இரண்டு நிமிடத்தில் தெரிய வந்த மற்றவையும் போயின: உள்ளங்கை வேர்த்திருக்கிறதா, நாடி நூல்போல ஓடுகிறதா, சொல்லாமல் வைத்திருக்கும் நோவில் விரல்கள் இறுகுகின்றனவா என்பதெல்லாம்.

ஓர் இரவுக் கடமை. வயிற்றில் சத்திரசிகிச்சை முடிந்து இரண்டாம் நாள், அறுபது தாண்டிய ஒருவர். மூக்குக் குழாயில் ஒட்சிசன் போய்க்கொண்டிருந்தது. அட்டையில் ஒட்சிசன் 97, நாடி 104, மூச்சு 18. எழுதிய பிள்ளை நேர்மையான பிள்ளை, சோம்பேறி அல்ல. 97 என்ற எண் அவளை அமைதிப்படுத்திவிட்டது. நான் கையைப் பிடித்தேன். சூடாகவும் ஈரமாகவும் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் எண்ணினேன். 31.

ஒட்சிசன் கொடுத்துக்கொண்டிருந்தால் திரையில் 97 நிற்கலாம். அந்த 97-ஐ நிறுத்தி வைக்க உடல் என்ன பாடுபடுகிறது என்பது மூச்சில்தான் தெரியும். பிரித்தானியாவின் மருத்துவர் கல்லூரி 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய, புள்ளி கூடக் கூட ஆபத்துக் கூடும் ஆரம்ப எச்சரிக்கைப் புள்ளி முறையில், நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் மூச்சு ஓடினால் அதற்கு மட்டுமே 3 புள்ளி. அதுதான் ஓர் அளவுக்குத் தரக்கூடிய மிகக் கூடிய புள்ளி. ஒட்சிசன் கொடுப்பதற்கு இன்னும் 2. ஆனால் 18 என்று எழுதினால் மூச்சுக்குப் பூச்சியம். அந்தப் பூச்சியத்தை எந்தக் கணினியில் ஏற்றினாலும் அது பூச்சியமாகவே கூட்டிச் சொல்லும். வைத்தியரை எழுப்பினோம். விடிவதற்குள் நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். பிழைத்தார். இன்னும் இரண்டு சுற்று 18 எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இப்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அந்தப் பிள்ளையை நான் ஏசவில்லை. அவளுடைய வகுப்பில் பலர் கொரோனா ஆண்டுகளில் நோயாளியைத் தொட வேண்டிய மாதங்களைத் திரை முன்னால் கழித்தவர்கள். பயிற்சிக் கூடத்துப் பொம்மையில் எண்ணியிருக்கிறார்கள். பொம்மையின் நெஞ்சு ஆசிரியர் வைத்த வேகத்தில் தவறாமல் ஏறி இறங்கும். அதற்குப் பயமும் இல்லை, நோவும் இல்லை.

ஆனாலும் திரையில் படித்த பிள்ளைகளை யாரும் குறைவாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். மருந்தின் அளவில் ஐயம் வந்தால் நாங்கள் மூத்தவர்களிடம் கேட்கப் பயந்து நின்றோம், இவர்கள் நின்ற இடத்தில் பார்த்து உறுதிசெய்கிறார்கள். குருதியில் ஒட்சிசன் அழுத்தம் குறையும்போது மானி காட்டும் எண் எப்படி இறங்கும் என்று காட்டும் ஒட்சிசன் வளைகோட்டை நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, பல ஆண்டு விளங்காமலே காவித் திரிந்தவள். ஒரு நாள் தேநீர் வேளையில், மேலே சொன்ன அதே தங்கை தன் கைத்தொலைபேசியில் அசையும் படமொன்றைக் காட்டினாள். 100இலிருந்து 90 வரை மேட்டு நிலம்போலக் கிடந்து, 90க்குக் கீழே கிணற்றுக்குள் விழுவதுபோல இறங்கும் கோடு. மானி 90 காட்டும்போது நோயாளி கிணற்றுக் கட்டில் நிற்கிறார் என்பது ஐந்து நிமிடத்தில் எனக்கு விளங்கியது. சின்னவளிடம் கற்றுக்கொண்ட அந்த மகிழ்ச்சி இன்னும் என்னிடம் இருக்கிறது.

இனி அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கருவி நல்லது. என் கைப்பையில் கிடந்து, விழுந்து, நனைந்து, கசிந்து, இன்னும் உழைக்கிறது. வைத்தியசாலையின் பெரிய கருவியோடு பலமுறை ஒப்பிட்டேன், ஓரிரு எண்ணுக்கு மேல் விலகியதில்லை. வீட்டில் இழைப்புக்காரர் இருந்தால் வாங்கி வைக்கச் சொல்வேன். ஒழுங்கைக்கு ஒன்று இருந்தாலும் நல்லது.

நீ வாங்காதே, தங்கச்சி. இப்போது வேண்டாம். செக்கன் முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்று வாங்கு, மானியைவிட மலிவு. ஆறு மாதம் கையைப் பிடித்து எண்ணு. ஒரு விடுதி முழுக்க எண்ணி, ஒவ்வொரு கட்டிலுக்கும் வேறு வேறு எண் எழுதிப் பழகு. அதுவரை அவசரத்துக்கு விடுதியில் கருவி இருக்கிறது, என் கைப்பையில் இதுவும் இருக்கிறது. எந்த நேரம் கேட்டாலும் தருவேன். ஆனால் மூச்சு எத்தனை என்று நான் முதலில் கேட்பேன். 18 என்றால் திரும்பிப் போய் எண்ணிக்கொண்டு வர வேண்டும்.