உள்ளூர்க் கைகளை நம்பிக் கட்டிய வீடு: பத்து வருஷத்துக்குப் பிறகு எது நிற்கிறது, எது நிற்கவில்லை

வானூர் வட்டாரத்தில், திருவக்கரைக்குப் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. 2014-இல் குடிவந்தோம். வடிவமைத்தது புதுச்சேரியில் இருக்கும் ஒரு சிறிய கட்டடக்கலை நிறுவனம். பெயர் சொல்லப் போவதில்லை. குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. “உள்ளூர் மண், உள்ளூர்க் கலைஞர்கள், உள்ளூர் மக்கள்” என்று முதல் சந்திப்பிலேயே சொன்னார்கள். இந்தப் பக்கத்தில் அதைச் சொல்லாத ஆர்க்கிடெக்ட் இன்றைக்கு யாரும் இல்லை. புதுமனைப் புகுவிழா அன்று எடுத்த படத்தில் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் சித்திரை வெயிலும் பல தடவை வந்து போன பிறகு அந்தப் பேச்சில் எது மிஞ்சியது என்பதுதான் இங்கே விஷயம்.

சுவரிலிருந்து தொடங்குகிறேன், கேட்பவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். அழுத்திய மண்கல். அஸ்திவாரத்துக்கும் மழைநீர்த் தொட்டிக்கும் தோண்டிய செம்மண்ணையே சலித்து, ஐந்து சதவீதம் அளவுக்குச் சிமெண்ட் கலந்து, கையால் இழுக்கும் பிரஸ்ஸில் போட்டு அமுக்கி எடுப்பது. சூளை கிடையாது. நாலு வாரம் சாக்குப் போட்டுத் தண்ணீர் விட வேண்டும். இதற்கான பிரஸ் ஆரோவில்லிலேயே செய்யப்படுகிறது. 1989-இல் அங்கே தொடங்கிய மண் கட்டடக்கலை நிறுவனத்தில் பயிற்சி எடுத்த ஆட்கள் சுற்றுப்பட்டு ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்களுக்குக் கல் அறுத்த குழுவுக்குத் தலைமை அப்படி ஒரு அண்ணன். மற்றபடி எல்லாரும் எங்கள் ஊர்ப் பெண்கள். சித்தாள் கூலிக்கு ஜல்லி சுமந்து கொண்டிருந்தவர்கள், பிரஸ் வேலை கற்றுக்கொண்ட பின் அடுத்தடுத்த கட்டடங்களுக்குக் கூடுதல் கூலியில் போனார்கள். நிறுவனம் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த காரியம் இது, அவர்கள் விளம்பரத்தில் இதை ஒரு வரிகூடச் சொல்வதில்லை.

சுவர் எப்படி இருக்கிறது? நன்றாக இருக்கிறது. மே மாதத்தில் பக்கத்து கான்கிரீட் வீட்டிலிருந்து எங்கள் கூடத்துக்குள் வருபவர்கள் ஃபேன் போடச் சொல்வதற்குக் கொஞ்ச நேரம் ஆகிறது. ஆனால் தரையிலிருந்து ஒன்றரை அடி வரைக்கும் மழைத்தண்ணீர் தெறிக்கும் இடத்தில் கல்லின் முகம் அரித்திருக்கிறது. கீழே கருங்கல் கட்டை இன்னும் இரண்டு வரிசை ஏற்றியிருக்கலாம். திருவக்கரை குவாரி கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது அதில் ஏன் சிக்கனம் பார்த்தார்கள் என்று இன்னும் புரியவில்லை. ஆணி அடித்தால் பொடிந்து விழும், டிரில் போட்டுத்தான் எதையும் மாட்ட வேண்டும். மண்குளவிக்கு எங்கள் தெற்குச் சுவர் பிறந்த வீடு.

இனி அந்த “உள்ளூர்க் கலைஞர்கள்” விஷயம். இங்கேதான் அதிகம் சொல்ல இருக்கிறது.

வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அங்கிருந்து ஒரு மண்பாண்டக் கலைஞரை நிறுவனம் அழைத்து வந்தது. வடகிழக்குப் பக்கம் முழுக்க ஜன்னலுக்குப் பதிலாக டெரகோட்டா ஜாலி, அதாவது காற்று வரத் துளை விட்ட சுடுமண் சுவர். கம்ப்யூட்டரில் போட்ட வரைபடத்தில் சதுரச் சதுரமாக நேரான துளைகள். அதைப் பார்த்துவிட்டு அவர், “இது வாடைக்காத்துக்கு எதிர்முகமா நிக்குது, ஐப்பசியில மழை பூரா உள்ள வந்துடும்மா” என்றார். துளையின் அடிப்பக்கம் வெளியே பார்த்துச் சரிய வேண்டும், மேல் உதடு கொஞ்சம் துருத்த வேண்டும் என்று அங்கேயே ஈர மண்ணில் ஒன்றைப் பிடித்துக் காட்டினார். வரைபடம் போட்ட, நிறுவனத்தின் இளைய ஆர்க்கிடெக்ட் பெண்ணுக்கு முகம் வாடிப்போனது நிஜம். ஆனாலும் அடுத்த வாரம் வரைபடத்தை மாற்றிக் கொண்டு வந்தாள். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்த புத்தக அலமாரி நனையவில்லை. கண்ணாடி ஜன்னல் இருந்த மேற்கு அறையில் இரவெல்லாம் துணி பிழிந்து கொண்டிருந்தோம்.

திண்ணையின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். சிவப்பு ஆக்சைடு தரை போட்டு, அதில் வெள்ளைச் சிமெண்டால் சிக்குக் கோலம் பதிப்பதென்று திட்டம். எங்கள் தெருப் பெண்களைக் கூப்பிட்டு யோசனை கேட்பதாக ஏற்பாடு. ஆனால் வடிவம் ஆபீஸிலேயே முடிவாகிவிட்டிருந்தது. காகிதத்தில் விரித்துக் காட்டினார்கள். எதிர்வீட்டு ஆயா ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இந்தக் கம்பி இங்க விட்டுப்போச்சே, சேரலையே” என்று விரலை வைத்தார். உண்மையிலேயே ஒரு மூலையில் கோடு சேராமல் நின்றது. அப்புறம் காகிதத்தைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, அவரையும் இன்னும் மூன்று பேரையும் தரையிலேயே புள்ளி வைக்கச் சொன்னார்கள். கொத்தனார் அதன்மேலேயே கீறி வெள்ளைச் சிமெண்ட் நிரப்பினார். ஆக்சைடு தரையில் மயிரிழை விரிசல்கள் வந்திருக்கின்றன, கோலம் அப்படியே இருக்கிறது. ஆயாவுக்கு அன்றைக்குக் கூலி கொடுத்தார்கள், அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். “பங்கேற்பு” என்று பெயர் வைத்து இந்த மாதிரி வேலைக்கு டீயும் வடையும் கொடுத்து அனுப்புகிற இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது உதாரணம் நேர் எதிர். மேற்குச் சுற்றுச்சுவரில் ஓவியம். நகரத்திலிருந்து ஒரு ஓவியர், பஞ்சாயத்துப் பள்ளிப் பிள்ளைகள், இரண்டு நாள் பட்டறை, நல்ல கேமரா. மரம், மயில், ஏரி எல்லாம் இருந்தது. சுவர் வாங்கும் வெயிலைப் பற்றியோ, கீழிருந்து ஏறும் ஈரத்தைப் பற்றியோ எங்கள் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூச்சு நன்றாகக் காயும் முன்பே அக்ரிலிக் அடித்தார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் ஏரி முதலில் உரிந்தது. படங்கள் மட்டும் இன்னும் அந்த நிறுவனத்தின் அறிமுகக் கையேட்டில் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அந்த இரண்டு நாள் சந்தோஷம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது வீட்டு வேலை இல்லை, ஆண்டு விழா.

இவ்வளவு காலம் இந்த வீட்டில் புழங்கிய பிறகு எனக்குத் தெரிவது இது: கைவினைஞர் வரைபடத்தைத் திருத்த இடம் கிடைத்த வேலைகள் எல்லாம் நிற்கின்றன. வரைபடத்தை அப்படியே நிறைவேற்றச் சொன்ன வேலைகள், எவ்வளவு உள்ளூர் ஆளை வைத்துச் செய்திருந்தாலும், தேய்கின்றன. செலவு குறைந்த வீடுகளுக்குப் பேர்போன ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் அத்தனை வீடுகளைக் கட்டியதும் பெரும்பாலும் களத்தில் கொத்தனார் பக்கத்தில் நின்றுதான் என்பார்கள். எங்கள் நிறுவனத் தலைவர் அவரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். களத்துக்கு வருவது மாதம் ஒரு முறை. நல்லவேளையாக அந்த இளைய பெண் வாரம் தவறாமல் வந்தாள்.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி, அதாவது கையால் வார்க்கும் அந்தப் பூப்போட்ட தரை ஓட்டைப் பற்றி, கேட்காமல் யாரும் விடமாட்டீர்கள். கூடத்தில் அதுதான். காரைக்குடிப் பக்கத்துச் சரக்கு வானூருக்கு எப்படி உள்ளூர் ஆகும் என்று எங்க வீட்டுக்காரர் கேட்டார். பதில் வரவில்லை, லாரி வந்தது. கல்லில் குறை சொல்ல முடியாது. கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து நிறக் கலவை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சூளையில் சுடுவதில்லை, பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. முதல் வருஷம் மங்கித் தெரியும், பயப்படாதீர்கள். துடைக்கத் துடைக்க ஏறும், எப்போதாவது துளி தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தால் போதும். ஆசிட், ஃபினாயில் வகையறா பக்கத்திலேயே வரக்கூடாது. எலுமிச்சை, புளி சிந்தினால் உடனே துடைக்க வேண்டும், விட்டால் வெள்ளையாகத் தழும்பு விழும். சமையலறையில் போட வேண்டாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ரசம் வைக்கும் வீட்டில் இதைச் சொல்லாமல் விடலாமா? இப்போது அங்கே கடப்பா கல் மாற்றியாகிவிட்டது.

தெருவைப் பார்த்த திண்ணை வேண்டும் என்று நிறுவனம் பிடிவாதம் பிடித்தது. சுற்றுச்சுவருக்கு உள்ளே இல்லை, வெளியே. கூரையின் கீழ் பன்னிரண்டடி நீளம். முதல் ஆறு மாதம் வெற்றிலை எச்சில், நாய், நள்ளிரவுச் சீட்டுக்கச்சேரி. கம்பிக்கதவு போட்டுவிடலாம் என்று வீட்டில் சண்டையே நடந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் பேசி, சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு யாரும் உட்காருவதில்லை என்று முடிவானது. எச்சில் துப்பினால் துப்பியவரே கழுவ வேண்டும் என்பது ஆயாவின் சட்டம். இப்போது காலையில் பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், மதியம் நூறு நாள் வேலை முடித்து வரும் பெண்கள். வீட்டிலேயே அதிகம் புழங்கும் இடம் அதுதான், ஆனால் அதில் எங்கள் பங்கு குறைவு. இது எல்லாருக்கும் ஒத்துவராது. தனிமை வேண்டுபவர்கள் தயவுசெய்து திண்ணை கேட்காதீர்கள்.

கூரை. மெட்ராஸ் டெரஸ். பழைய வீடுகளை இடித்த தேக்கு உத்திரம், சின்னச் செங்கல், மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தட்டிய கூரை. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. ஆறாவது வருஷம் கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கசிந்தது. நிறுவனத்தைக் கூப்பிட்டோம். அதற்குள் அந்த இளைய பெண் வேலை மாறிப் போயிருந்தாள். வந்தவர்கள் ரசாயனப் பூச்சு அடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த மழைக்கு அது தோல் தோலாகக் கிளம்பியது. கடைசியில் கூரை போட்ட அதே முதிய கொத்தனாரைத் தேடிப் பிடித்தோம். அவர் எண் எங்களிடம் இருந்ததால்தான் முடிந்தது. பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பிலேயே ஓரத்தை உருட்டிக் கட்டினார். இதுவரை கசியவில்லை. அவர் இப்போது வேலைக்குப் போவதில்லை, மகன் சென்னையில் கேப் ஓட்டுகிறார்.

அந்த எண் கிடைத்த கதையும் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் ஒப்பந்தத்தோடு ஒரு தாள் கொடுத்தார்கள்: எந்த வேலை யார் செய்தது, ஊர், தொலைபேசி. கைவினைஞர்களுக்குப் பணமும் நாங்கள் நேராகவே கொடுத்தோம், நிறுவனத்தின் கட்டணம் தனி. நடுவில் கமிஷன் இல்லை. இந்தத் தொழிலில் இது அபூர்வம். பெரும்பாலான இடங்களில் கலைஞர் யார் என்றே வீட்டுக்காரருக்குத் தெரியாதபடி பார்த்துக்கொள்வார்கள், தெரிந்தால் அடுத்த வேலை நேராகப் போய்விடுமே! எங்கள் வழியாக அந்த வில்லியனூர்க்காரருக்கு இதுவரை நாலைந்து வீட்டு வேலை போயிருக்கிறது.

நீங்கள் யாரையாவது அமர்த்தப் போகிறீர்கள் என்றால், அவர்கள் காட்டும் புது வீட்டுப் படங்களை விட்டுவிட்டு ஐந்து வருஷத்துக்கு மேலான ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். எங்களை முட்டுக்காட்டில், பழைய தென்னிந்திய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் தக்ஷிணசித்ராவுக்குத்தான் அழைத்துப் போனார்கள். 1996-லிருந்து இருக்கிற இடம், போய்ப் பார்க்க வேண்டியதுதான், ஆனால் அங்கே பராமரிப்புக்கென்றே ஆட்கள் உண்டு. நம் வீட்டில் நாம்தான் ஆள். கைவினைஞர் சொல்லி வரைபடம் மாறிய ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள் என்றும் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.

மறுபடியும் இதே நிறுவனத்திடம் போவீர்களா என்று தங்கை கேட்டாள், அவளும் திண்டிவனத்தில் மனை வாங்கியிருக்கிறாள். போவேன் என்றேன். மெட்ராஸ் டெரஸ் வேண்டாம், கருங்கல் கட்டை மூன்றடி, மேற்கே ஜன்னலுக்கு நல்ல நீளமான சன்ஷேட், சுவரோவியம் எதுவும் கிடையாது, ஐந்து வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுத்தில் வேண்டும். அந்த இளைய பெண் இப்போது தனியாக ஆபீஸ் போட்டிருக்கிறாளாம், முதலில் அவளைத்தான் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.