கடைக்கென்று ஒரு ஃபோரம்: நான்கு வருடம் நடத்திப் பார்த்ததில்

கோவையில் மாடித்தோட்டச் சாமான் விற்கும் சின்னக் கடை எங்களுடையது. விதை, குரோ பேக், தென்னை நார்க்கழிவுக் கட்டி, வேப்பெண்ணெய், மீன் அமிலம், இவ்வளவுதான் சரக்கு. 2020 ஊரடங்கில் ஊரே செடி வைக்கக் கிளம்பியதும் எங்கள் வாட்ஸ்அப் குழு நிரம்பிவிட்டது. அப்போது ஒரு குழுவில் 256 பேர்தான் இருக்க முடியும். இரண்டாவது குழு, மூன்றாவது குழு என்று போனது. மூன்றிலும் ஒரே கேள்வி: "அண்ணா, மிளகாய் இலை சுருண்டுபோச்சு, என்ன அடிக்கலாம்?" காலையில் சொன்ன பதில் மதியத்துக்குள் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் புதைந்திருக்கும்.

அந்தச் சலிப்பில்தான் 2021இல் ஃபோரம், அதாவது ஒவ்வொரு கேள்விக்கும் தனித் தலைப்பும் அதன் கீழே பதில்களும் நிற்கும் இணையதளம், தொடங்கினேன். மென்பொருள் டிஸ்கோர்ஸ். இலவசம், ஓப்பன் சோர்ஸ் (மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது), மென்பொருளைப் பொட்டலமாக ஓட்டும் டாக்கர் என்ற கருவி வழியாக நிறுவ வேண்டும். 1 ஜிபி ரேமில் ஓடும் என்றாலும் 2 ஜிபி சர்வராகவே எடுத்துக்கொண்டேன். நிறுவ ஒரு மாலை போதும். மின்னஞ்சலுக்குத்தான் ஒரு வாரம் போனது. சர்வர் வாடகைக்கு விடுபவர்கள் பலர் மெயில் வெளியே போகும் வழியான 25ஆம் எண் போர்ட்டைத் திறந்து தருவதில்லை. அதனால் மின்னஞ்சல் அனுப்பத் தனிச் சேவை ஒன்று பிடித்து, மெயில் எங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை டொமைனில் (தள முகவரியில்) சேர்த்த பிறகுதான், புதிதாகச் சேர்பவருக்குப் போகும் உறுதிப்படுத்தும் மெயில் ஸ்பேமில் விழாமல் போய்ச் சேர்ந்தது. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் மெயிலே பார்க்காதவர்கள் என்பது வேறு கதை. கூகுள் கணக்கில் நுழையும் வசதியைச் சேர்த்ததும்தான் ஆள் வரத் தொடங்கினார்கள்.

முதல் மாதம் நான் செய்த கூத்து ஒன்று. மென்பொருளில் ஒரு பதிவுக்குக் குறைந்தது 20 எழுத்து வேண்டும் என்பது இயல்பான அமைப்பு. நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஒரு அம்மா போன் செய்து, "தம்பி, நன்றி சொல்லலாம்னு பார்த்தா உங்க சைட்டு விடமாட்டேங்குது" என்றார். "நன்றி" நமக்கு மூன்றெழுத்து. ந, ன, புள்ளி, ற, இகரக் குறி என்று கணினி ஐந்தாக எண்ணும். வரம்பை அன்றைக்கே ஐந்தாகக் குறைத்தேன். புதியவர் ஒரு பதிவில் ஒரு படம்தான் போடலாம் என்பதையும் அப்படியே மாற்றினேன். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். இலையின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் பார்க்காமல் நான் எந்த மருந்தைச் சொல்ல?

ஃபோரம் நடத்துவது என்றால் பதில் எழுதுவது என்று நினைத்திருந்தேன். என் நேரத்தைத் தின்றது தலைப்புகள்தான். "அண்ணா அவசரம் உதவி செய்யவும்" என்று தலைப்பு வைத்தால் அடுத்தவர் எதை வைத்துத் தேடுவார்? அதை "40 நாள் மிளகாய்ச் செடி, இலை மேல்நோக்கிச் சுருள்கிறது" என்று மாற்றுவேன். மாவுப்பூச்சி, மாவு பூச்சி என்று சேர்த்தும் பிரித்தும் எழுதுவார்கள், ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்களும் உண்டு. தேடுபொறிக்கு இவையெல்லாம் வேறு வேறு சொற்கள். இரவு கடையைச் சாத்திய பிறகு என் மனைவி உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் ஒரே டேக் (அடையாளச் சொல்) போடுவார். இந்த வேலைக்கு ஆள் இல்லை என்றால் ஃபோரம் பக்கம் போகவே வேண்டாம்.

ஸ்பேம் பெரிய தொல்லையாக இல்லை. புதியவரின் முதல் இரண்டு பதிவுகளை நான் பார்த்து அனுமதிக்கிறேன், சரியாகிவிட்டது.

குறை சொல்லும் பதிவுகளை என்ன செய்வது என்பதில்தான் வீட்டில் சண்டையே வந்தது. ஒரு ஆடிப்பட்டத்தில் எங்கள் வெண்டை விதை முளைக்கவில்லை என்று ஒருவர் காட்டமாக எழுதினார். "தூக்கிடுங்க, கடைப் பேர் கெட்டுடும்" என்றார் மைத்துனர். எனக்கும் கை துறுதுறுத்தது. விட்டுவைத்தேன். இரண்டு நாளில் இன்னும் மூன்று பேர் அதன் கீழேயே பாக்கெட் படத்தோடு வந்தார்கள். நான்கிலும் ஒரே லாட் எண், அதாவது ஒரே தொகுதி விதை. மீதிப் பாக்கெட்டில் இருபது விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்த்தேன், ஆறுதான் முளைத்தது. அந்த லாட்டை முழுக்கத் திருப்பி அனுப்பி, வாங்கியவர்களுக்கு வேறு விதை கொடுத்தோம். வாட்ஸ்அப்பில் அந்த நாலு பேரும் மூன்று குழுக்களில் சிதறிக் கிடந்திருப்பார்கள். எனக்கு விஷயமே தெரிந்திருக்காது.

இதற்காக வாட்ஸ்அப்பை மூடிவிட்டோமா என்றால் இல்லை. 2022இல் குழு வரம்பு 512 ஆகி, அதே வருடம் 1024க்குப் போனதும் மூன்று குழுவையும் ஒன்றாக்கிவிட்டோம். கேள்வி இன்றும் முதலில் அங்கேதான் வருகிறது. நான் ஃபோரம் இணைப்பை அனுப்புவேன். பத்துப் பேரில் நாலு பேர் திறந்து படிப்பார்கள். மற்ற ஆறு பேர், "அண்ணா, நீங்களே சொல்லிடுங்களேன்" என்பார்கள். சரி என்று நானும் குரல் பதிவில் சொல்லிவிடுவேன். அப்புறம் அதையே தட்டச்சு செய்து ஃபோரத்தில் போடுவது என் மனைவி.